வெள்ளைப்படுதல், அரிப்பு: ஈஸ்ட் தொற்றா, வேறு ஏதாவதா?

நீலகிரிப் பெண்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கோத்தகிரி: வெள்ளைப்படுது அக்கா. ஈஸ்ட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெள்ளைப்படுவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதும்மா. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில், முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று படுவது இயல்பு. ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றில் அரிப்புதான் முதலில் வரும். வெளி இதழ்கள் சிவந்து வீங்கும், சிலருக்கு மெல்லிய வெடிப்பும் விடும். வெள்ளை, திரிந்த பால் போலக் கெட்டியாக, திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். நாற்றம் இருக்காது. வெள்ளையே படாமல் அரிப்பு மட்டும் இருப்பதும் உண்டு.

மீன் கவிச்சியோடு சாம்பல் நிறத்தில் தண்ணியாகப் பட்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால், உடலுறவில் பரவும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி சந்தேகம். இந்த இரண்டுக்கும் ஈஸ்ட் மருந்து பயன்படாது. டாக்டர் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஊட்டி: ஒண்ணுக்குப் போனா எரியுது. இதுவும் ஈஸ்ட்டா?

சிறுநீர் வெளித்தோலில் பட்டதும் எரிந்தால் ஈஸ்ட்டாக இருக்கலாம். உள்ளே எரிந்து, அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து, அடிவயிறும் வலித்தால் நீர்த்தாரைத் தொற்று. சிறுநீர் டெஸ்ட் எடுங்கள். குளிர்காய்ச்சலும் இருந்தால் அன்றே போங்கள்.

குன்னூர்: ஐப்பசி மழையில நனைஞ்சுக்கிட்டே கொழுந்து எடுக்கிறோம். அதனாலயா?

ஈஸ்ட் தொற்றைத் தரும் கேண்டிடா பூஞ்சை பல பெண்களின் உடம்பில் ஏற்கெனவே சும்மா இருப்பதுதான். ஈரத் துணியும் இறுக்கமும் சேர்ந்தால் பெருக வசதி. பிளாஸ்டிக் கவரில் மாற்று உள்ளாடை ஒன்று வைத்து, சாப்பாட்டு நேரத்தில் மாற்றுங்கள். பருத்தி நல்லது. மலையில் வெயிலைக் காணாத வாரங்களில் அரைகுறையாகக் காய்ந்ததைப் போடாமல், அடுப்படிக் கொடியில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். உள்ளே டெட்டால், சோப்பு எதுவும் வேண்டாம், எரிச்சல்தான் கூடும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

குன்னூர்: மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க. அரிப்பு நின்னு, திரும்ப வந்துருச்சு.

அட்டையைப் படியுங்கள். க்ளோபீட்டசால் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், பூஞ்சை உள்ளே வளரும். இப்படி ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. ஈஸ்ட் உறுதியானால் வழக்கமாகத் தருவது உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் 500 மி.கி. ஒரே இரவு, அல்லது ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை வேண்டாம். டாக்டர் சொல்லி, க்ளோட்ரிமசோலை ஏழு இரவு வைப்பதுதான் முறை.

கூடலூர்: வயசு 54. சர்க்கரை மாத்திரை மாத்தினதிலிருந்து அரிக்குது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையா? இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், பூஞ்சைக்கு அது தீனி. நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் அரிப்பைச் சொல்லி, சர்க்கரை அளவையும் பாருங்கள். மாதவிலக்கு நின்ற பின் வறட்சியாலும் அரிக்கும்.

கோத்தகிரி: வீட்டுக்காரருக்கும் மருந்து வேணுமா?

அவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் வேண்டாம்.