சர்வதேசக் கூட்டணியில் சேரமுன் யாப்பைப் படியுங்கள்

கேள்வி: சுன்னாகத்தில் இளைஞர்கள் சிலர் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். ஒரு சர்வதேச இடதுசாரிக் கூட்டணி எங்களை உறுப்பு அமைப்பாகச் சேரச் சொல்லிக் கேட்கிறது. சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் கொள்கை அறிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது எல்லாரிடமும் அழகாகத்தான் இருக்கும். யாப்பை, அதாவது அமைப்பின் விதிகளைக் கேட்டு வாங்கி, கடைசி முடிவு யாருடைய கையில் என்று தேடுங்கள்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும், இரண்டாம் அகிலம் என்ற சோசலிசக் கட்சிகளின் சர்வதேசக் கூட்டணியில் பெரிய கட்சியான ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சி, போரை எதிர்ப்பதாகச் சொல்லிவந்தும் தன் அரசின் போர்க்கடனுக்கு நாடாளுமன்றத்தில் வாக்களித்தது. அந்த அடியின் வலியில்தான் 1920இல் மொஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட கம்யூனிஸ்ட் கூட்டணியான மூன்றாம் அகிலம், தன்னில் சேரும் கட்சிகளுக்கு 21 நிபந்தனைகள் விதித்தது. 16ஆவது நிபந்தனைப்படி, அகிலத்தின் முடிவு எல்லாக் கட்சிகளையும் கட்டுப்படுத்தும். 17ஆவது கட்சியின் பெயரையே மாற்றச் சொன்னது. பிறகு 1939இல் ஹிட்லருடன் ஸ்டாலின் ஒப்பந்தம் செய்ததும் உலகெங்கும் அகிலத்தின் கட்சிகள் ஒரே இரவில் பேச்சை மாற்ற வேண்டி வந்தது. இலங்கையில் இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சி 1940இல் மொஸ்கோ சார்பானவர்களை வெளியேற்றியது. 1943இல் அவர்கள் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மூன்றாம் அகிலமே கலைக்கப்பட்டது.

அதற்காக வெளியார் பேச்சே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1964இல் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தபோது, அது உறுப்பாயிருந்த ட்ரொட்ஸ்கியவாதக் கூட்டணியான நான்காம் அகிலம் அதை விலக்கியது. என் கணிப்பில் அது சரியான முடிவு. அந்தக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று ஆக்கிய 1972 அரசியலமைப்பில், முந்தைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்த பாதுகாப்பு காணாமல்போனது.

உங்கள் ஊரையே பாருங்கள். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் தோழர்கள். தேநீர்க்கடையில் சம உரிமை, 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழையும் உரிமை, இவை பீக்கிங் (சீனத் தலைநகர்) எழுதிக்கொடுத்த கோரிக்கைகள் அல்ல. இங்கே அவமானப்பட்ட சனம் கேட்டவை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பார்வையாளராக மட்டும் இணையுங்கள். தமிழர் சுயநிர்ணயம் பற்றி அந்தக் கூட்டணி இதுவரை எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். இலங்கையிலிருந்து ஏற்கெனவே உறுப்பாக இருப்பது யார், அவர்கள் அதே விடயத்தில் என்ன பேசியிருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். சந்தா, விலகும் வழி, மாற்றுக் கருத்தை வெளியிடும் உரிமை மூன்றும் எழுத்தில் வரவேண்டும். உங்கள் வட்டத்தின் பொதுக்கூட்டத்தில் யாப்பை வரிவரியாக வாசித்த பின்னரே கையெழுத்துப் போடுங்கள்.