வெந்தயம் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக பால்கனித் தொட்டியில் வெந்தயக்கீரை வளர்த்துத் தினமும் சமைக்கிறேன். காலையில் ஊறவைத்த வெந்தயமும் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 150லிருந்து 118க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? வியர்வையில் வெந்தய வாசம் வருகிறதே, அது ஏன்?

பதில்: வாசத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெந்தயத்தில் சோடோலோன் என்ற மணப்பொருள் இருக்கிறது. அது வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறும். பயப்பட ஒன்றுமில்லை, பக்கத்தில் உட்காருபவர்கள்தான் கண்டுபிடித்துவிடுவார்கள்!

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 118 என்பது மாத்திரையும் வெந்தயமும் சேர்ந்து வாங்கிய மதிப்பெண். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அளவைக் குறைக்கலாமா என்று அவர் சொல்லட்டும்.

கீரையும் விதையும் ஒரே செடிதான், வேலை ஒன்றல்ல. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாகிறதே, அந்த நார்ச்சத்துதான் சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. கீரையில் அந்த வழவழப்பு மிகக் குறைவு. கீரையை கீரையாகவே சாப்பிடுங்கள், தினமும் சாப்பிட்டாலும் சரி. விதையில்தான் கவனம் வேண்டும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து; நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதோடு வெந்தயமும் சேர்ந்து, ஒருவேளைச் சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னொன்று, அந்த வழவழப்பு மற்ற மாத்திரைகள் உடம்பில் சேர்வதையும் தாமதப்படுத்தலாம். வெந்தயத்துக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் விதையை மருந்துபோல் சாப்பிட வேண்டாம்.

வளர்ப்பு எளிது. மும்பைச் சந்தையில் வேரோடு கட்டி விற்கும் பொடி மேத்தியும் இதே கீரைதான், மணலில் வளர்த்து இளசாகவே பிடுங்குவது. விதையை ஓர் இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவினால் இரண்டு வாரத்தில் அப்படிப் பறிக்கலாம். பெரிய இலை வேண்டுமென்றால் ஒரு மாதம் ஆகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் அழுகும், தொட்டியை உள்ளே தள்ளி வையுங்கள். விதைக்க மளிகைக்கடை வெந்தயமே போதும். விதைக்கடைப் பொட்டலத்தில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். அதில் மிஞ்சியதை மறந்தும் ஊறவைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.