தண்டையார்பேட்டையில் 20 அடி அகல மனையில் முற்றம் வைத்தால் வீடு குளிருமா?

குளிரும், ஆனால் ஏசியே தேவைப்படாத அளவுக்கு அல்ல. இருபக்கச் சுவர்களும் அண்டை வீடுகளை ஒட்டி நிற்கும் வடசென்னை மனைகளில் நடு அறைகளுக்குச் சன்னல் வைக்க இடமிருக்காது என்பதால், பழைய வீடுகளில் தெருவாசலிலிருந்து பின்கட்டு வரை வாசல்களை நேர்கோட்டில் அமைத்து, இடையில் வானம் பார்த்த முற்றம் விட்டார்கள். கோடையில் நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று அவ்வழியே நுழையும்போது, சூடேறி லேசான உள்காற்று முற்றத்தின் வழியே மேலேறி வெளியேறுகிறது. இரவில் தரையும் சுவரும் பகல் வெப்பத்தை வானத்துக்கு இழக்கின்றன. கடலோர ஈரப்பதம் மிகுந்த இரவுகளில் மட்டும் இது சற்று மந்தப்படும்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் வெயில் செங்குத்தாக இறங்கும். அப்போது எந்தச் சுவரும் நிழல் தராது. முற்றம் குறுகி ஆழமாக இருந்தால் வெயில் விழும் நேரம் குறையும் என்றாலும், அறைகளை உண்மையில் காப்பது சுற்றிலும் இறக்கிய தாழ்வாரமே. தண்ணீர்த் தொட்டி அழகுக்கு வைக்கலாம். ஈரக்காற்றில் நீர் மெதுவாகவே ஆவியாவதால், அதனால் பெரிய குளிர்ச்சி கிடைக்காது.

மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சி மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிடாதீர்கள், அது வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் பெட்டியாகிவிடும். கம்பியும் கொசுவலையும் போதும், மழைநீருக்குத் தரையில் வடிகால் விடுங்கள்.