தொப்பையோடு வரைந்தால் என்ன?

கே: மகள் ஓவியம் படிக்கிறாள். கண்ணாடி பார்த்துத் தன் உடம்பையே, தொப்பை, பிரசவத் தழும்பு எதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறாள். கேட்டால் ஜென்னி சாவில் என்று ஒருவரைக் காட்டுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? (ஒரு அம்மா, வேளச்சேரி)

ப: அம்மா, முதலில் அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தால் நேராக வையுங்கள். சாவில் 1970-ல் இங்கிலாந்தில் பிறந்த ஓவியர், கிளாஸ்கோவில் படித்தவர். மாணவியாக இருந்தபோது 1992-ல் வரைந்த ‘ப்ராப்ட்’ ஏழு அடி உயரம். கனத்த உடம்புள்ள ஒரு பெண் குச்சி மாதிரியான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், காலில் வெள்ளை ஷூ, விரல்கள் தொடைச் சதைக்குள் அழுந்திப் புதைந்திருக்கின்றன. அது சாவில் தன்னை வைத்தே வரைந்தது. படத்தின் மேல் இடவலம் மாறிய எழுத்துகளைக் கீறியிருக்கிறார். எதிரே ஒரு கண்ணாடி வைத்துத்தான் அதைக் காட்சிக்கு வைத்தார்கள், ஏனென்றால் கண்ணாடியில் பார்த்தால்தான் வாசிக்க முடியும், அப்போது வாசிக்க வந்தவர் தன் உடம்பையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். காலங்காலமாகப் பெண் உட்கார்ந்தாள், ஆண் வரைந்தான். இங்கே உட்கார்ந்தவளும் வரைந்தவளும் ஒரே ஆள். அடுத்த வருடம் வரைந்த ‘பிளான்’ படத்தில் பெண்ணின் உடம்பு முழுக்க, மலையின் உயரம் காட்டும் வரைபடக் கோடுகள் போல வளையம் வளையமாகக் கோடுகள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முன் டாக்டர் போடும் குறிகள் ஞாபகத்துக்கு வரும். 1994-ல் நியூயார்க்கில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் ஆபரேஷன் செய்வதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறார்.

‘என்ன, வெயிட் போட்டுட்ட போல’ என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிக்கிற ஊர் இது. பெண்ணின் உடம்பைப் பற்றி ஊருக்கே அபிப்பிராயம் இருக்கிறது, அந்த உடம்புக்கு உள்ளே இருப்பவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. உங்கள் மகள் அதைச் சொல்லிவிட்டாள், அதுவும் தழும்போடு. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கே: உடல், அடையாளம் என்பதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே? (வாசகர், பெரம்பூர்)

ப: எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரி, சோழர் காலத்தது. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்று. ஒரு பக்கம் அகன்ற தோள், மறுபக்கம் மார்பும் வளைந்த இடுப்பும். ஆடைகூட ஒரு காலில் ஏறியும் மறு காலில் இறங்கியும் இருக்கும், ஆனால் எந்த இடத்தில் ஆண் முடிந்து பெண் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சாவில் 2004-ல் ‘பாஸேஜ்’ படத்தில் ஒரு திருநங்கையை வரைந்தார். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், அது தெய்வம், இது நம்மைப் போல ஒரு மனுஷி. ஆனால் இந்த யோசனை நமக்குப் புதிதில்லை.

கே: ஒரு படம் 95 லட்சம் பவுண்டா? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

ப: ஆமாம், அதே ‘ப்ராப்ட்’, 2018 அக்டோபரில் லண்டன் ஏலத்தில். வாழும் பெண் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை கிடைத்த மிகப் பெரிய விலை. ஆனால் அது மறுவிற்பனை, பணத்தில் பெரும்பகுதி ஓவியருக்குப் போகாது. பிரிட்டனில் ஓவியருக்கு மறுவிற்பனைப் பங்கு உண்டு, என்ன விலைக்குப் போனாலும் அப்போது உச்சவரம்பு 12,500 யூரோதான். நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ பிரிவு இருக்கிறது: பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால் ஓவியர் பங்கு கேட்கலாம். வரைகிற நண்பர்கள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.