கல்லாவுக்கு அந்தப் பக்கம்

மதுரையில் ஒரு பலசரக்கு அங்காடியின் பில் கவுண்டரில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் பகுதிக் கடையில் பில் போடும் பெண் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நாம் மட்டும் எதற்கு மரியாதை காட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: திமிர் என்று நினைத்துவிடாதீர்கள் ஐயா. அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். பில் 843 ரூபாய், நீங்கள் கொடுத்தது இரண்டு ஐந்நூறு, மீதி 157. நூறு, ஐம்பது, ஐந்து என்று விரல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்து நிற்பவர், "ரவை எந்தப் பக்கம் இருக்கிறது?" என்பார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் ஐம்பதை எடுத்தோமா இல்லையா என்பதே மறந்துபோயிருக்கும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் வேலை பார்த்த கடையில், இரவு கணக்கு முடிக்கும்போது குறைகிற பணத்தைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் 400 ரூபாய் உதைத்தது. நோட்டுகளை மதிப்புவாரியாகப் பிரித்து மூன்று முறை எண்ணினோம். மணி பதினொன்றரை. என்னோடு நின்ற பெண்ணுக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அந்த 400 யார் பைக்குப் போனது என்று எனக்கு இன்றும் தெரியாது. வாங்கிப் போனவருக்கும் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து, மீதி கொடுத்து முடிக்கும்வரை நீங்கள் தந்த நோட்டைக் கல்லாவுக்குள் போட மாட்டேன். வெளியே கண்ணெதிரில் வைத்து, "ஐந்நூறு கொடுத்திருக்கிறீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்வேன். உங்களை நம்பாமல் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருவருக்கும் அதுதான் சாட்சி.

நான் வேண்டுவது வணக்கத்தைக்கூட அல்ல. கவுண்டருக்கு வரும்போது காதிலிருந்து போனை எடுங்கள். பணத்தைக் கையில் கொடுங்கள். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், அந்தக் கையைத் தாண்டி மேசையில் நோட்டு வந்து விழும். யார் கையில் கொடுக்கலாம், யார் கையில் படக் கூடாது என்று பார்த்த ஊர் இது. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த நோட்டு எங்கே போய்க் குத்தும் என்று நினைத்துப் பாருங்கள். இருபது வயதுப் பையன், நாற்பது வயதுக்காரரை "சீக்கிரம் போடு" என்கிறான். "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்று சொல்வதற்கு ஒரு நொடி கூடவா ஆகிவிடும்?

நிற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்களுக்கும் நாற்காலி வந்தது. வந்த வாரமே ஒரு வாடிக்கையாளர், "உட்கார்ந்துகொண்டே பில் போடும் அளவுக்கு வந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அன்று மாலைவரை நின்றுகொண்டே பில் போட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. நீங்கள் போகும் கடையில் நாற்காலி சும்மா கிடந்தால், "உட்கார்ந்து போடுங்கள், அவசரமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மா சுருக்குப் பையை அவிழ்த்துச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணித்தான் கொடுப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். காசாளருக்கும் தொந்தரவுதானே?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லை அம்மா. காலையில் கடை திறந்ததும் எல்லாரும் நீட்டுவது ஐந்நூறு ரூபாய் நோட்டு. பத்து மணிக்குள் சில்லறை தீர்ந்து, பக்கத்துக் கவுண்டரில் கையேந்துவோம். அந்த நேரத்தில் ஒரு பாட்டி வந்து ஐந்தும் இரண்டும் பத்துமாக மேசையில் அடுக்கினால், அடுத்த ஆறேழு பேருக்கு மீதி கொடுக்க வழி பிறந்துவிடும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று யாராவது சொன்னால் அம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம். எல்லா வடிவத்திலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. முணுமுணுப்பவர்களிடம், "அவர் எண்ணட்டும்" என்று நீங்கள் சொல்லலாம். காசாளரால் அதைச் சொல்ல முடியாது.

கேள்வி: பில் போடும்போதெல்லாம் கைபேசி எண் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டியதில்லை. எண் தந்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதத்தில் மத்திய அரசின் நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால் கேட்கச் சொல்வது நிர்வாகம். "வேண்டாம் அம்மா" என்றால் போதும், அவரிடம் சண்டை போடாதீர்கள். அச்சிட்ட விலைக்கு மேல் பில்லில் ஏறியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் மேலாளரை அழைத்துக் கேளுங்கள். பில்லில் ஏறிய ஒரு சோப்பை நீக்குவதற்குக்கூட எங்கள் கடையில் மேற்பார்வையாளர் வந்தாக வேண்டும்.

கேள்வி: பல வருடமாக எங்களுக்குப் பில் போடும் பெண்ணுக்குத் தீபாவளிக்கு ஏதாவது கொடுக்க ஆசை. என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இனிப்பு என்றால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று சில கடைகளில் விதி உண்டு. உங்கள் அன்பு அவருக்கு வினையாகிவிடக் கூடாது.

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். கூட்ட நாட்களில் நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் வரிசை நிற்கும். ஒரு பொங்கல் நேரம். மஞ்சள் கொத்தைக் கையில் வைத்திருந்த ஓர் அம்மாள், தம் முறை வந்தும் கூடையை மேசையில் வைக்காமல் நின்றார். என் உதட்டைப் பார்த்தார். மேசைக்கு அடியில் இருந்த என் பாட்டிலைக் காட்டி, "முதலில் குடி தாயி, அப்புறம் பில் போடலாம்" என்றார். பிறகு வரிசையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் பாட்டிலை மூடும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.