ஹாபூஸ் பெட்டியும் வீட்டு லோனும்

தங்கச்சி, உன் கேள்வியை ரெண்டு தடவை படித்தேன். தென்காசியிலிருந்து மும்பைப் பக்கம் கல்யாணுக்கு வந்து மூன்று வருடம். போன வருடம் வீடு வாங்கியாச்சு. லோன் 40 லட்சம், 20 வருடம், வட்டி எட்டரை. வீட்டுக்காரருக்குக் கைக்கு வருவது 82,000. ஏழே வருடத்தில் லோனை முடித்துவிட வேண்டும் என்று அவர் ஒரு எக்செல் போட்டு வைத்திருக்கிறார். அதில் தீபாவளிக்கு ஊருக்குப் போவதும் இல்லை, மகளின் நீச்சல் கிளாஸும் இல்லை. "நான்தான் சொகுசு பார்க்கிறேனா அக்கா, இல்லை அவர் ரொம்ப இறுக்குகிறாரா?" என்று கேட்டிருந்தாய்.

சொகுசும் இல்லை, அவர் கஞ்சனும் இல்லை. அவர் கணக்கில் பாதி சரி. மீதிப் பாதியை நாங்கள் டோம்பிவிலியில் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அவர் பக்க நியாயம். உங்கள் தவணை மாதம் சுமார் 34,700. அப்படியே 20 வருடம் கட்டினால் வட்டி மட்டும் 43 லட்சத்துக்கு மேல் போகும், வாங்கிய கடனைவிட அதிகம். இதோடு மாதம் ஐயாயிரம் சேர்த்துக் கட்டினால் 15 வருடத்துக்குள் முடிந்துவிடும், வட்டியில் ஏறக்குறைய 13 லட்சம் மிச்சம். இதைப் பார்த்த மனுஷனுக்குத் தூக்கம் வராதுதான்.

ஆனால் ஏழு வருடத்தில் முடிக்க மாதம் 63,300 கட்ட வேண்டும். 82,000-ல் அது போனால் மிச்சம் 18,700. அதில் சொசைட்டி மெயின்டனன்ஸ், கரண்ட், கேஸ், ரயில் பாஸ், மளிகை, ஸ்கூல் ஃபீஸ், ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இது ஒரு மாதம் நடக்கும், ரெண்டு மாதம் நடக்கும். மூன்றாவது மாதம் கிரெடிட் கார்டை எடுப்பீர்கள். எட்டரை சதவீதக் கடனை அடைக்க, மாதம் மூன்றரை சதவீதம் போல வட்டி போடுகிற கார்டில் கை வைப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

எங்கள் கதை இது. 2014-ல் ஒரு ஒன் பி.எச்.கே. வாங்கினோம். லோன் 28 லட்சம், அப்போது வட்டி 10.25, தவணை சுமார் 27,500. பதினோரு மாத அக்ரிமெண்ட் முடியும்போதெல்லாம் சாமான் கட்டி, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை அழுது அலுத்துப்போய் வாங்கிய வீடு. ஒரு வருடம் கழித்து பேங்க் ஸ்டேட்மெண்ட் வந்தது. நாங்கள் கட்டியிருந்தது 3,30,000 ரூபாய். அசலில் குறைந்திருந்தது முழுசாக 45,000கூட இல்லை. என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். பால் எடுக்கப் போனாலும் கண்ணில் படும்.

அன்றையிலிருந்து வெறி. கையில் இருந்த 50,000-ஐ பார்ட் பேமெண்ட்டாக, அதாவது தவணைக்கு மேல் அசலில் கழிக்கச் சொல்லிக் கட்டினோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனி. கட்டும்போது "தவணைத் தொகையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்தவர் தவணையைக் குறைத்துவிட்டார். மாதம் 500 ரூபாய் குறைந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். அந்த 500 ரூபாய் எங்கே போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கொத்தமல்லியில் போயிருக்கும். காலத்தைக் குறைத்திருந்தால் கடைசியில் பன்னிரண்டு தவணை, அதாவது ஒரு முழு வருடம் ஓடிப் போயிருக்கும். ரெண்டு வருடம் கழித்துத்தான் இது புரிந்தது. நீங்கள் ஆன்லைனில் கட்டினாலும் அந்த இடத்தில் எதை டிக் செய்கிறீர்கள் என்று பார்த்துச் செய்யுங்கள். அப்புறம் புது அட்டவணையை இறக்கி, முடியும் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும்.

வெறி என்றேன் இல்லையா? ஹோட்டல் நின்றது, சினிமா நின்றது, அதெல்லாம் பெரிசில்லை. ரெண்டு வருடம் ஊருக்குப் போகவில்லை. மாட்டுங்காவுக்குப் போய் நல்ல காபிப் பொடி வாங்குவது நின்றது. காய்கறிக்கு இரவு ஒன்பதரைக்கு மேல் ஸ்டேஷன் பக்கம் போவேன். கடை கட்டுகிற நேரம், மீந்ததைக் கூறு போட்டுத் தள்ளிவிடுவார்கள். (இதை இன்னும் செய்கிறேன். கஞ்சத்தனம் என்று சொல்லிக்கொள், ஒரு நடை போன மாதிரியும் ஆச்சு.)

அந்த மே மாதம் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா ரத்னகிரியிலிருந்து ஹாபூஸ் பெட்டி இறக்கினார். வைக்கோலுக்குள் வரிசையாக மாம்பழம், லிஃப்ட் வரைக்கும் வாசம். மகளுக்கு அப்போது ஆறு வயது. அவர் ஒரு பழம் கொடுத்தார். இவள் அதை ஒரே மூச்சில் தின்னவில்லை. கொட்டையை மறுநாள் வரைக்கும் தட்டில் வைத்து நக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "அம்மா, லோன் முடிஞ்சதும் நம்ம ஹாபூஸ் வாங்கலாமா?" என்று கேட்டாள். லோன் முடிய அட்டவணைப்படி அவளுக்கு 24 வயது ஆகியிருக்கும்.

நான் அன்றைக்கு அழவில்லை, கோபம்தான் வந்தது. ராத்திரி அவரிடம் சொன்னேன். "மாம்பழத்துக்காகவா சண்டை?" என்றார். ஆமாம், மாம்பழத்துக்காகத்தான். ஆனால் அவரை மாற்றியது என் பேச்சு இல்லை, அடுத்த வருடம் வந்த ஒரு போன்.

2017 மார்ச்சில் போனஸ், சேமிப்பு எல்லாம் வழித்து ஒன்றரை லட்சம் கட்டினோம். அக்கவுண்டில் மிச்சம் எட்டாயிரம் சொச்சம். ஜூனில் மாமனாருக்கு நெஞ்சுவலி, பாளையங்கோட்டையில் ஆபரேஷன். அதே மாதம் ஸ்கூல் ஃபீஸ், சொசைட்டியில் மொட்டை மாடி ஒழுகுகிறதென்று வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்த பணம், அவசர ஃபிளைட் டிக்கெட். லோனில் போட்ட பணத்தை பேங்க் திருப்பித் தருமா? தராது. என் வளையல், சங்கிலி எட்டுப் பவுனை வைத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கினோம், வீட்டு லோனைவிடக் கூடுதல் வட்டிக்கு. மீட்க ஒன்றரை வருடம் ஆச்சு. மாமனார் பிழைத்தார், அது பெரிய விஷயம். ஆனால் அந்த ஒன்றரை லட்சத்தில் பாதியைக் கையில் வைத்திருந்தால் என் கை மூளியாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெயர் உள்ள பணம், பெயர் இல்லாத பணம் என்று பிரித்தோம், அவ்வளவுதான். முதலில் ஆறு மாதத் தவணையும் ஆறு மாத வீட்டுச் செலவும் எஃப்.டி.யில் போகும் வரைக்கும் பேங்க்குக்கு ஒரு பைசா கூடுதலாகக் கிடையாது. இதைச் சேர்க்கவே ஒன்றரை வருடம் பிடித்தது. பிறகு மூன்று ஆர்.டி., மூன்றுக்கும் பெயர்: ஊர், ஸ்கூல், மருந்து. சம்பளம் வந்த மறுநாளே போய்விடும். சொசைட்டி ரிப்பேர், கணபதி வசூல், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தீபாவளி போனஸ் என்று இந்த ஊரில் எது எப்போது வரும் என்பது உனக்கு இப்போது பழகியிருக்கும், அதற்கும் மாதம் ஒரு தொகை. இதெல்லாம் போக மிஞ்சியதுதான் பெயர் இல்லாத பணம். அது மட்டும் வருடத்துக்கு ரெண்டு தடவை லோனுக்கு. நான் வீட்டில் ஆறேழு பிள்ளைகளுக்கு கணக்கு டியூஷன் எடுப்பேன். அதுவும் அப்படியே லோனுக்குத்தான், ஏனென்றால் அது எங்கள் செலவில் எப்போதுமே சேரவில்லை.

மாம்பழத்துக்கும் வழி கண்டுபிடித்தோம். ஏப்ரலில் பெட்டி விலை கேட்டால் தலை சுற்றும். மே கடைசி வாரம், மழைக்கு முன்னால், விலை இறங்கும்போது ரெண்டு டஜன். நடுவில் பாயிரி என்கிற இன்னொரு வகை மாம்பழம் வாங்குவேன், ஜூஸுக்கு அதுதான் எனக்குப் பிடித்தம்.

சிக்கனத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நீ கேட்டதற்கு என் அனுபவம்: பெரியவர்கள் விடலாம், பிள்ளை விடக்கூடாது. நாங்கள் கார் வாங்கவில்லை, இன்றுவரை இல்லை. அவர் அந்தேரி ஆபீசுக்கு செகண்ட் கிளாஸ் பாஸ்தான். டோம்பிவிலியிலிருந்தே கிளம்புகிற ஸ்லோ வண்டியில் உட்கார்ந்து காட்கோபர் வரை போய், அங்கிருந்து மெட்ரோ. மாவு பாக்கெட் வாங்குவதில்லை, ஊரிலிருந்து வந்த கிரைண்டர் பதினைந்து வருடமாக ஓடுகிறது. புளி, வத்தல், கருப்பட்டி ஊரிலிருந்து வரும். நீச்சல் கிளாஸை நிறுத்தினால் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார். அதே பணத்தைப் பெரியவர்கள் பக்கம் தேடினால் நிச்சயம் கிடைக்கும்.

வட்டி விஷயத்தில் ரெண்டு மூன்று தகவல். ஃப்ளோட்டிங் வட்டி, அதாவது ஏறி இறங்குகிற வட்டியில் எடுத்த வீட்டு லோனை முன்கூட்டிக் கட்டினால் பேங்க் அபராதம் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது, அதனால் பயமில்லாமல் கட்டலாம். 2019 அக்டோபருக்குப் பிறகு பேங்க்கில் எடுத்த ஃப்ளோட்டிங் லோன் பெரும்பாலும் ரெப்போவோடு (பேங்க்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கிற வட்டி) கட்டியது. ரெப்போ ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். எங்களுடையது பழைய லோன். புதிதாக வருபவர்களுக்குக் குறைந்த வட்டி, எங்களுக்குப் பழைய வட்டி என்று வருடக்கணக்கில் ஓட்டினார்கள். ஒரு சின்னக் கட்டணம் கட்டி மாற்றிக்கொண்டோம். 2020-ல் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியபோது தவணையைக் குறைக்க விடவில்லை, பழைய தொகையையே கட்டினோம், அசல் வேகமாகக் கரைந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது ஆறரைக்கு ஏறியபோது தெரிந்தவர்கள் பலருக்குக் காலம் எக்கச்சக்கமாக நீண்டது. எங்களுக்கு பாக்கி கொஞ்சம்தான் இருந்ததால் உறைக்கவில்லை. இப்போது பேங்க் வட்டியை மாற்றும்போது தவணையைக் கூட்டவா காலத்தை நீட்டவா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்பது 2023-ல் வந்த விதி. மெசேஜ் வந்தால் படிக்காமல் அழித்துவிடாதே.

வரிச் சலுகைக்காக லோனை வைத்துக்கொள் என்று ஆபீசில் யாராவது சொல்வார்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில் வருடத்துக்கு ரெண்டு லட்சம் வட்டி வரைதான் கழிவு, புது முறையில் அதுவும் இல்லை. உங்களுக்கு முதல் வருட வட்டியே மூன்றே கால் லட்சத்தைத் தாண்டும். அதை ஒரு காரணமாகவே எடுக்காதீர்கள். கடனை விட்டுவிட்டு மியூச்சுவல் ஃபண்டில் போடு என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்குக் கடன் இருந்தால் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் உன் வீட்டுக்காரர் பேரில் ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ் (அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் வருகிற பாலிசி) இல்லையென்றால், ப்ரீபேமெண்ட்டுக்கு முன்னால் அதை எடுக்கச் சொல்.

நாங்கள் 2025 ஜனவரியில் முடித்தோம், பத்தரை வருடத்தில். முடிந்த முப்பது நாளுக்குள் அசல் பத்திரம் கைக்கு வந்தாக வேண்டும், தாமதித்தால் நாளுக்கு ஐயாயிரம் பேங்க் தர வேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கி விதிதான், 2023 டிசம்பரிலிருந்து. ஃபிரிட்ஜ் காகிதத்தை மகளே கிழித்தாள். அவளுக்கு அது எதற்கு அங்கே இருந்தது என்றே மறந்து போயிருந்தது.

உன் வீட்டுக்காரரிடம் ஏழு வருடத்தைப் பற்றிச் சண்டை போடாதே, பன்னிரண்டு வருடம் என்று பேசிப் பார். அதற்கு மாதம் 44,400 போதும், இப்போது கட்டுவதைவிட 9,700தான் கூடுதல். அதையும் எஃப்.டி. நிரம்பிய பிறகு ஆரம்பித்தால் ஒன்றும் முழுகிவிடாது. நடுவில் சம்பளம் கூடும், போனஸ் வரும், பன்னிரண்டு பத்தாகும்.

தீபாவளிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் கல்யாணில் நிற்கும், திருநெல்வேலியில் இறங்கித் தென்காசிக்குப் போய்விடலாம். வாரத்தில் எல்லா நாளும் கிடையாது, கிழமை பார்த்துக்கொள். முன்பதிவு இப்போது 60 நாள்தான், முன்பு மாதிரி 120 இல்லை. காலை எட்டு மணிக்குத் திறக்கும், எட்டு ஐந்துக்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஆகிவிடும். தேதியை இன்றைக்கே எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டு வை.