முதல் நீரைக் கொட்டுங்கள், குப்பியில் இருப்பதைக் கொட்டாதீர்கள்

அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் சிறுநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்று இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். டாக்டர் அல்லன், மருந்து, மாத்திரை பற்றிக் கேட்காதீர்கள். சிறுநீரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

செம்பனை வெட்டுகிறேன். வயது 38. மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை சிறுநீரகக் கல். ஈப்போவில் ஒரு பெரிய குப்பியைக் கொடுத்து 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து வரச் சொன்னார்கள். எப்படிச் சேர்ப்பது?

நல்ல கேள்வி, தம்பி. முதல் நாள் காலை எழுந்ததும் வரும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். அது முந்தைய இரவின் கணக்கு. மணி ஏழு என்றால் ஏழு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு வருவது ஒரு சொட்டு விடாமல் குப்பிக்குள் போக வேண்டும். மறுநாள் காலை அதே ஏழு மணிக்கு வருவதையும் சேர்த்தால் கணக்கு முடிந்தது.

குப்பியின் அடியில் தண்ணீர் போலக் கொஞ்சம் இருந்தால் அதைக் கொட்டாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சேர்ந்தால் கல்லாகும் கால்சியமும் ஆக்சலேட்டும் படிந்துவிடாமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண்மணி குப்பி அழுக்காக இருக்கிறதென்று சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, அதன் பிறகு சேர்த்துக் கொண்டுவந்தார். அவ்வளவு சுத்தமான குப்பியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, சோதனைக்குத்தான் உதவவில்லை. நேரே குப்பிக்குள் கழிக்கவும் வேண்டாம், அமிலம் தெறித்தால் சுடும். வேறு கோப்பையில் பிடித்து ஊற்றுங்கள்.

உங்களுக்குத் தனியாக ஒன்று. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்த நாளின் சிறுநீர் அழகாகத்தான் இருக்கும். உங்களுக்குக் கல் உண்டாவது செம்பனை நிரையில் வெயிலோடு குலை வெட்டும் நாளில். இரண்டு முறை சேர்க்கச் சொன்னால் ஒன்று வேலை நாளாக இருக்கட்டும். மூடியுள்ள சின்ன பாட்டில் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பெரிய குப்பியில் ஊற்றுங்கள். அந்த நாளுக்காகச் சாப்பாட்டை மாற்றாதீர்கள். கல் இறங்கி ஆறு வாரமாவது ஆகியிருப்பது நல்லது.

ஏமாற்றவும் முடியாது. ஒரு மண்டோர் (தோட்டக் கங்காணி) குப்பி நிறைய, ஏறக்குறைய மூன்று லிட்டர் கொண்டுவந்தார். கிரியேட்டினின் பார்த்தால் பாதிதான் இருந்தது. தசையிலிருந்து வரும் அந்தப் பொருள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெளியேறும். ஆணுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம். வெளியே போன இடத்தில் இரண்டு மூன்று தடவை விட்டுப்போயிருக்கிறது. நர்ஸ் திட்டுவாரே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டார்.

கிளினிக்கில் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தார்களே, அது போதாதா?

போதாது. பட்டை இரத்தம், சர்க்கரை, புரதம், கிருமியின் அறிகுறி ஆகியவற்றைச் சொல்லும். கால்சியம் எவ்வளவு, ஆக்சலேட் எவ்வளவு, கல்லைத் தடுக்கும் சிட்ரேட் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

மனைவிக்கு விலாவில் வலி. இரண்டு நாளாக நடுக்கத்தோடு காய்ச்சல். பார்லித் தண்ணீர் கொடுக்கிறேன். எந்தச் சோதனை எடுக்கலாம்?

படிப்பதை நிறுத்திவிட்டு அவரை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அடைத்த கல்லுக்குப் பின்னால் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இப்போதே.

தே தாரிக்கை (பால் தேநீர்) விட்டுவிட்டுத் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்கிறேன். பாலில் கால்சியம், கல்லிலும் கால்சியம். சரிதானே?

தலைகீழ். தேயிலையில் ஆக்சலேட் இருக்கிறது. பாலின் கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். பாலை எடுத்துவிட்டால் ஆக்சலேட் தனியாக இரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும்.

(வேறொருவர்) கல்லே கால்சியம் என்கிறீர்கள், பாலையும் குடி என்கிறீர்கள். என் டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னாரே!

எந்த ஆண்டில் சொன்னார்? 2002இல் இத்தாலியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறுநீரில் கால்சியம் மிகுந்து, திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்கள். பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மறுபாதிக்குக் கால்சியம் வழக்கம்போல, உப்பும் இறைச்சியும் மட்டும் குறைவு. ஐந்து ஆண்டுகளில் பாலைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். உப்பைக் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு. சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. கருவாட்டையும் நெத்திலியையும் கிச்சாப் எனும் சோயா சாஸையும் ஒன்றும் சொல்லாமல் பாலைத் திட்டுகிறீர்கள்.

(மூன்றாமவர்) ஐயா, கடையில் தே தாரிக்கில் ஊற்றுவது பாலா? இனிப்புப் பால்தானே? அதில் பாதி சர்க்கரை.

ஒப்புக்கொள்கிறேன், இது நியாயமான அடி. சர்க்கரையும் சிறுநீரில் கால்சியத்தை ஏற்றும். அப்படியானால் சீனி போடாத பால் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார்.

(முதலாமவர்) நான் தே ஓ குடித்து ஓராண்டாகக் கல் வரவில்லை!

ஓராண்டு ஒரு கணக்கே இல்லை, அண்ணே. 24 மணி நேரச் சிறுநீரில் ஆக்சலேட் பாருங்கள், பிறகு பேசுவோம்.

(நான்காமவர்) காப்பி?

தேநீர்க் கடையை மூடிவிட்டேன்.

புல் வெட்டும் பிரிவில் வேலை. நிரையில் கழிப்பறை இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர் மஞ்சளாக, எரிச்சலோடு போகிறது.

அம்மா, உங்களிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது எளிது. குற்றம் உங்களுடையதன்று. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும் என்பது கல் வந்தவர்களுக்கான கணக்கு. வேலை முடிந்து வந்ததும் குடிக்கத் தொடங்குங்கள். படுக்கும் முன் ஒரு குவளை, இரவில் எழுந்தால் மறுபடி ஒன்று. எரிச்சலுக்குக் கிளினிக்கில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிரைக்கு ஒரு கழிப்பிடம் கேட்டு நாலு பேர் சேர்ந்து மண்டோரிடம் போங்கள்.

லிமாவ் (எலுமிச்சை) தண்ணீர் நல்லதா?

நல்லது, அதில் சிட்ரேட் இருக்கிறது. சீனி வேண்டாம். அசாம் போய் எனும் உலர்ந்த பிளம் பழத்தைப் போட்டுக் குடிப்பவர்களுக்கு: அது உப்பில் ஊறியது.

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை சரி. சிறுநீரில் மட்டும் நாலு கூட்டல் குறி. பட்டை கெட்டுவிட்டதா?

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதே அவற்றின் வேலை. பட்டை உண்மையைத்தான் சொல்கிறது. சாப்பிடவில்லையென்றால், உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை 10 மில்லிமோலைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டை வருமுன் நாங்கள் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவோம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் கீழே படியும். அந்த நிறத்தைப் பார்த்த நாளில் சாயங்காலம் நான் சீனி போடாமல் குடிப்பேன்.

நீரிழிவுக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் சிறுநீர் பெரும்பாலும் புளிப்பேறியிருக்கும். pH அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கல்லாக உறையக்கூடும். இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

மகனுக்கு வயது 14. இரண்டு பக்கமும் கல். இந்த வயதிலா?

இந்த வயதில் வந்தால் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே வருவது. 1810இல் ஆங்கில வேதியியலாளர் வொல்லாஸ்டன் ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில் அதைக் கண்டார். நுண்ணோக்கியில் ஆறு பக்கமும் அளந்து வெட்டிய கண்ணாடித் தகடு போல மிதக்கும். அவ்வளவு அழகான பொருள் ஒரு பிள்ளையை இப்படித் துடிக்கவைக்கிறதே என்று நினைத்திருக்கிறேன். இறங்கும் கல்லைத் தேநீர் வடிகட்டியில் பிடித்து, டிஷ்யூவில் சுற்றாமல், உலர்ந்த டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். கடுகளவு போதும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) சாறு கல்லைக் கரைக்கும் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். ஒரு துண்டு கூட வேண்டாம். பழுதான சிறுநீரகத்தால் அதன் நஞ்சை வெளியேற்ற முடியாது. விக்கலில் தொடங்கிக் குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது.

ஒரே ஒரு தடவை எடுக்கும் சிறுநீர் போதாதா?

மேலே பாருங்கள்.

என்ன மாத்திரை சாப்பிடலாம்?

முதல் பத்தியைப் பாருங்கள்.

ஐயா, செம்பனை வெட்டுகிறவன்தான். குப்பியில் இன்று காலை வந்த முதல் சிறுநீரையும் ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?

குப்பியை மூடி, தொடாமல் வைத்துவிடுங்கள். நாளை போய் வேறு குப்பி வாங்குங்கள். அமிலத்தோடு.